தொலைக்காட்சியை எவ்வளவு தொலைவிலிருந்து பார்ப்பது?

"குழந்தை டிவிக்குப் பக்கத்தில் போய் உட்காருகிறது, கண் கெட்டுவிடாதா?" கண் புறநோயாளிப் பிரிவில் அடிக்கடி கேட்கப்படும் வினா இது. அருகில் அமர்வதால் மட்டும் கண் கெட்டுவிடுவதில்லை. தொலைவில் உள்ளது தெளிவாகத் தெரியாததால் குழந்தை அருகே சென்றிருக்கக்கூடும். வழக்கத்தினால் நெருங்கி அமரும் குழந்தைகளும் உண்டு. ஆயினும் பரிசோதிக்காமல் அப்படி முடிவு செய்தல் கூடாது. கிட்டப்பார்வையோ, ஒரு கண்ணில் மட்டும் பார்வைக் குறைவோ இருக்கலாம். ஒரு கண் சோம்பல் கண்ணாக மாறிவிட்டால், ஏழு, எட்டு வயதிற்குள் கண்டறிந்தால்தான் சிகிச்சை நன்கு பலனளிக்கும். குழந்தையைத் திட்டிப் பின்னால் இழுத்து அமர்த்தும் பெற்றோர், அதன் கண் தெரிவிக்கும் செய்தியைத் தவறவிடுகின்றனர்.

இந்த அச்சத்திற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. 1967-இல் அமெரிக்காவில் சில வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளிலிருந்து அளவுக்கு மீறி எக்ஸ்-கதிர் வெளிப்பட்டது. இன்றைய எல்.இ.டி. திரைகளில் படக்குழாயே இல்லை.

இயல்பான பார்வை உடையவர், 43 அங்குல முழு எச்.டி. தொலைக்காட்சியை ஏறத்தாழ ஐந்தரை அடியிலிருந்து பார்த்தால், படப்புள்ளிகள் தனித்தனியே தெரியமாட்டா. எட்டு, பத்து அடி தள்ளி அமர்ந்தாலும் குறையில்லை. 3 மீட்டரில் உள்ள திரையைக் காண்பதைவிட, 30 செ.மீ. தொலைவில் பிடித்த கைப்பேசியைக் காண்பதற்குக் கண் பத்து மடங்கு குவிய ஆற்றலைச் செலுத்த வேண்டும். டிவியை அணைத்துவிட்டுக் கைப்பேசியைக் கையில் கொடுப்பது கண்ணுக்கு ஓய்வாகாது.

கணினித் திரை 50 முதல் 70 செ.மீ. தொலைவில், ஏறக்குறைய கை நீட்டினால் எட்டும் இடத்தில் இருக்கலாம். அதன் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழோ அமைதல் நன்று. நாற்பது வயதைக் கடந்தோருக்கு இங்குதான் சிக்கல். வெள்ளெழுத்துக் கண்ணாடி பொதுவாகப் புத்தகம் படிக்கும் தொலைவிற்கே அளவிடப்படுகிறது. கணினியோ அதற்கு அப்பால் இருக்கிறது. பைஃபோகல் அணிவோர் கீழ்ப்பகுதி வழியே திரையைக் காண முகவாயை உயர்த்திக் கழுத்து வலியுடன் வருகின்றனர். கண்ணிலிருந்து உங்கள் திரை வரையுள்ள தொலைவை அளவு நாடாவால் அளந்து எழுதி வாருங்கள். அதற்கென்றே கண்ணாடி தர இயலும்.

கண்புரை அறுவைக்குப் பின், "டிவி நன்றாகத் தெரிகிறது, கம்ப்யூட்டர் மங்கலாக இருக்கிறது" என்று சிலர் கலங்குவர். ஒற்றைக் குவிய லென்ஸ் பெரும்பாலும் தொலைப்பார்வைக்கு ஏற்பப் பொருத்தப்படுவதால் ஏற்படுவது இது. அறுவை தவறியதன் அறிகுறி அன்று. ஆனால் தெளிவாக இருந்த பார்வை குறைந்தாலோ, கண் சிவந்து வலித்தாலோ அன்றே வந்துவிட வேண்டும்.

விழித்திரை பாதிக்கப்பட்டு, கண்ணாடியாலும் சீராகாத பார்வைக் குறைவு உடைய முதியோருக்கு அருகில் அமர்வதே நாங்கள் கூறும் ஆலோசனை. பத்து அடியை ஐந்தாகக் குறைத்தால் உருவம் கண்ணுக்கு இரு மடங்கு பெரிதாகும். அவர்கள் நாற்காலியைப் பின்னால் தள்ளாதீர்கள். திரையில் சன்னல் வெளிச்சம் பட்டுக் கூசாதவாறு திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். ஆனால் அண்மையில்தான் ஒருவர் நெருங்கி அமரத் தொடங்கியிருப்பின், குறிப்பாகச் சர்க்கரை நோய் இருப்பின், முதலில் விழித்திரைப் பரிசோதனை தேவை. ஒலியையும் கூட்டி வைக்கிறார் எனில், செவியையும் சோதித்துவிடலாம்.