தாணேயில் ஃபிளாட் வாங்குமுன் காருக்கும் இடம் அளந்து பாருங்கள்

மும்பையில் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ இருக்கும் பழைய வீட்டை விற்றுவிட்டு, தாணேயின் கோட்பந்தர் ரோட்டுப் பக்கம் புது ஃபிளாட் தேடும் நம் தமிழர்கள் தண்ணீர், வாஸ்து, ஸ்டேஷன் தூரம் என்று எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்பார்கள். பார்க்கிங் விஷயத்தில் மட்டும் "ஒரு கார் பார்க்கிங் உண்டு சார்" என்று சேல்ஸ் ஆபீஸில் சொன்னதே போதும் என்று எழுந்துவிடுவார்கள். கார் வந்து நிற்கும் நாளில்தான் பக்கத்தில் தூண் இருப்பது தெரியும்.

பில்டர் தருவது எந்த வகை இடம் என்று முதலில் கேளுங்கள். சட்டப்படி மூன்று வகை உண்டு. மேலே கூரையில்லாத திறந்தவெளி இடம் ஒன்று. ஸ்டில்ட் (தூண்கள் மட்டும் நிற்கும் தரைத்தளம்), போடியம், பேஸ்மென்ட், இயந்திர பார்க்கிங் ஆகியவை சேர்ந்த மூடிய பார்க்கிங் இன்னொன்று. கூரையும் மூன்று பக்கச் சுவரும் உள்ள கராஜ் மூன்றாவது. 2016-ஆம் ஆண்டு ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம் திறந்தவெளி பார்க்கிங்கைப் பொதுப் பகுதியில் சேர்த்திருக்கிறது. அதை விலைக்கு விற்கக் கூடாது என்று மாநில ஒழுங்குமுறை ஆணையமான மஹாரேராவும் 2021 ஜூலையில் தெளிவாகச் சொல்லிவிட்டது. கராஜையும் மூடிய பார்க்கிங்கையும் விற்கலாம். ஆக, விலைப் பட்டியலில் 'ஓப்பன் பார்க்கிங்' என்று போட்டு லட்சக்கணக்கில் கேட்டால், எல்லோருக்கும் சொந்தமான இடத்துக்கு உங்களிடம் தனியாகப் பணம் பிடுங்குகிறார்கள் என்றுதான் அர்த்தம். ரேராவுக்கு முன் கட்டிய கட்டடத்தில் ஸ்டில்ட் இடத்துக்கே வேறு கதை. மும்பை தஹிசரின் பாஞ்சாலி சொசைட்டி வழக்கில் 2010 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி, ஸ்டில்ட் பார்க்கிங்கை பில்டர் தனியாக விற்க முடியாது. தாணே நௌபாடாவில் பழைய ஃபிளாட்டை ரீசேலில் வாங்குவோர் இதை மறக்க வேண்டாம்.

அடுத்து வரைபடத்தைப் பாருங்கள். முலுண்ட் செக் நாக்கா தாண்டியதும் விதிப் புத்தகமே மாறிவிடும். மும்பை மாநகராட்சிக்கு டி.சி.பி.ஆர். 2034, தாணேக்கு 2020 டிசம்பரில் வந்த யு.டி.சி.பி.ஆர். என்ற கட்டட வளர்ச்சி விதிகள். இரண்டிலுமே எத்தனை வண்டிக்கு இடம் விட வேண்டும் என்பதை ஃபிளாட்டின் கார்பெட் ஏரியாதான் தீர்மானிக்கிறது. வீடு சின்னதாகச் சின்னதாக, இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து ஒரு கார் இடத்தைப் பங்கு போடும் கணக்கு வந்துவிடும். அதனால், "விதிப்படி கட்டியிருக்கிறோம்" என்று பில்டர் சொல்வது உண்மையாகவே இருக்கும். அதே சமயம் உங்கள் ஒரு பெட்ரூம் ஃபிளாட்டுக்கு இடம் இல்லாமலும் இருக்கும். மஹாரேரா இணையதளத்தில் திட்டத்தின் பதிவு எண்ணைப் போட்டு, மொத்த ஃபிளாட் எத்தனை, பார்க்கிங் எத்தனை என்று ஒப்பிடுங்கள். அனுமதி பெற்ற பிளானில் விருந்தினர் இடம் எங்கே குறித்திருக்கிறது என்றும் பாருங்கள். கடைசியில் அதையும் விற்றுத் தீர்த்துவிடும் ஆபத்து உண்டு.

யு.டி.சி.பி.ஆர். பார்க்கிங் தேவையைக் குறைத்தது சரியா என்று 2021-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் பொதுநல வழக்கு போனது. ஒரே ஃபிளாட் வைத்துக்கொண்டு நாலைந்து கார் வாங்க ஏன் அனுமதிக்க வேண்டும் என்று அப்போதைய தலைமை நீதிபதி தீபங்கர் தத்தாவின் அமர்வு கேட்டது. என் கட்சியும் ஏறக்குறைய அதுதான். ஏனென்றால், பார்க்கிங் தளத்தைக் கட்டும் செலவு ஃபிளாட் விலையில்தான் ஏறும். காரே இல்லாதவரும் சேர்ந்துதான் கொடுக்கிறார்.

இனி அளவு. இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். மாடல் ஃபிளாட்டைப் பார்த்து மயங்கும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்தால் போதும். யு.டி.சி.பி.ஆர். விதிப்படி கார் இடம் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். இன்னோவா கிரிஸ்டாவின் அகலம் 1.83 மீட்டர். மீதி 67 சென்டிமீட்டரில்தான் இரண்டு பக்கக் கதவும் திறக்க வேண்டும். ஒரு பக்கம் தூண் வந்துவிட்டால் டிரைவர் ஜன்னல் வழியாகத்தான் இறங்க வேண்டும். தூணின் மையத்திலிருந்து அளக்காமல், ஒரு தூணின் உள்விளிம்பிலிருந்து அடுத்த தூணின் உள்விளிம்பு வரை அளந்து பாருங்கள். தலைக்கு மேலே பீமும் தீயணைப்புக் குழாயும் எவ்வளவு தாழ இறங்குகின்றன என்று பாருங்கள். சரிவுப் பாதையில் திரும்ப இடம் இருக்கிறதா என்பதை ஒரு காரை ஓட்டிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தும் ஸ்டாக் பார்க்கிங் என்றால் மேல் தட்டா, கீழ் தட்டா, கீழே நிற்பவர் யார் என்று கேளுங்கள். சாதாரண ஸ்டாக்கில் கீழ்க் கார் வெளியே வந்தால்தான் மேல் கார் இறங்கும். காலை ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பும் உறவு உங்களுக்கு வேண்டுமா என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். இயந்திரம் தட்டுகளை நகர்த்தும் 'பஸில்' (puzzle) பார்க்கிங் என்றால் கரண்ட் போனால் என்ன ஏற்பாடு, வருடாந்தரப் பராமரிப்புச் செலவு யார் தலையில் என்றும் கேட்டு வையுங்கள்.

அளந்ததை எழுத்தில் வாங்குவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். தூண் மறிக்கிறது, கதவு திறக்கவில்லை என்று புகார்கள் குவிந்ததால் 2024 ஏப்ரலில் மஹாரேரா ஓர் உத்தரவு போட்டது. அதன்படி, பார்க்கிங் எண், நீளம், அகலம், உயரம், கட்டடத்தில் எந்த இடம் என்பதெல்லாம் அடங்கிய இணைப்பை அலாட்மென்ட் லெட்டரோடும் விற்பனை ஒப்பந்தத்தோடும் சேர்த்தே ஆக வேண்டும். "அதெல்லாம் பொசெஷன் சமயத்தில் குலுக்கிப் போட்டுக் கொடுப்போம்" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க பில்டருக்கு உரிமை கிடையாது. ஆகவே பேரம் பேசும் பலம் உங்களிடம் இருப்பது அந்தப் பத்து சதவீதத்துக்குள்தான். இணைப்பைப் படித்துப் பார்த்த பிறகே அடுத்த செக்கில் கையெழுத்து.

சாவி வாங்கும் நாளில் ஓ.சி.யோடு (குடியேற்ற அனுமதிச் சான்றிதழ்) வரும் பிளானைக் கேட்டு, உங்கள் எண் அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து, டேப் வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கூட்டுறவு சொசைட்டி அமைந்த பிறகு அதற்கான மாதிரி பைலாதான் (துணைவிதிகள்) பேசும். பொது இடங்களை வண்டி வைத்திருப்பவர்களுக்கு முதலில் வந்தவருக்கு முதலில் என்று ஒதுக்குவார்கள்; வண்டிகள் அதிகமானால் வருடா வருடம் குலுக்கல். ரீசேலில் வாங்கும்போது, விற்பவரின் இடம் பில்டரிடம் விலை கொடுத்து ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியதா, சொசைட்டி ஒதுக்கியதா என்று செகரட்டரியிடம் எழுத்தில் கேளுங்கள். இரண்டாவது வகை என்றால் ஃபிளாட்டோடு சேர்ந்து அது உங்களுக்கு வரும் என்று நம்ப வேண்டாம்.

2025 மே மாதம் போக்குவரத்து அமைச்சர் பிரதாப் சர்நாயக், தாணேயின் ஓவளா-மாஜிவடா எம்.எல்.ஏ., பார்க்கிங் இடத்துக்குச் சான்றிதழ் இல்லாமல் புது வண்டியைப் பதிவு செய்ய விடமாட்டோம் என்று அறிவித்தார். ஜப்பானில் 1962 முதலே இப்படிச் சட்டம் உண்டு. இங்கே அது எந்த வடிவில் நடைமுறைக்கு வந்தாலும் கையில் தாள் இருப்பவர் பக்கம்தான் காற்று வீசும்.

பில்டர் ஏமாற்றினால் முதலில் எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மஹாரேராவில் ஆன்லைனில் புகார். கட்டணம் 5,000 ரூபாய். பார்க்கிங் இணைப்பின் நகல், அளவு தெரியும் போட்டோ, அனுமதி பெற்ற பிளான், பணம் கட்டிய ரசீது ஆகிய நான்கையும் சேர்த்து அனுப்புங்கள்.