ரத்தம் எடுத்தால் சந்தேகமா?

மூன்று மாதக் கர்ப்பிணி நான். அரசாங்க கிளினிக்கில் எச்.ஐ.வி. சோதனைக்கும் ரத்தம் எடுத்தார்கள். மாமியார் முகம் சுருங்கிவிட்டது. என்னைச் சந்தேகப்படுகிறார்களா? – வாசகி, குளுவாங், ஜொகூர்

அட, சந்தேகமெல்லாம் இல்லையம்மா! கர்ப்பிணிகள் எல்லாருக்கும் எடுப்பதுதான். 1998-லிருந்து அரசாங்க கிளினிக்குகளில் இதுதான் வழக்கம். கிருமி இருந்தால் தாய்க்கு உடனே மாத்திரை, பிறந்ததும் பிள்ளைக்கும் மருந்து. மருந்தே இல்லையென்றால் நூறில் 15 முதல் 45 பிள்ளைகளுக்குத் தொற்றலாம். கொடுத்தால் ஐந்துக்கும் கீழே. இப்படி ஒருவரையும் விடாமல் பார்த்ததால்தான், தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2018-இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்று கொடுத்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் நாம்தான் முதல்! அடுத்த முறை மாமியாரையும் கூட்டிப் போங்கள். வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் கையிலெல்லாம் அதே பஞ்சு ஒட்டியிருப்பதைப் பார்க்கட்டும்.