எக்ஸெலில் பறவைக் கணக்கு

பிரிட்டனில் ஆர்.எஸ்.பி.பி. என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பு, 1979 முதல் ஆண்டுதோறும் ஜனவரிக் குளிரில் தோட்டப் பறவைகளை எண்ணுகிறது. பொதுமக்கள் ஒரு மணி நேரம் ஜன்னலோரம் அமர்ந்து எண்ணித் தரலாம். பறந்து கடப்பவை சேராது. வந்து அமர்பவை மட்டுமே.

எண்ணிக்கைகளைக் கூட்டக் கூடாது! ஒரே ராபின் பத்து முறை வந்து போகுமே. ஒரே சமயத்தில் கண்ட அதிகபட்சம்தான் கணக்கு.

எக்ஸெலில் பி1 செல்லில் ராபின் என டைப் செய்யுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக, பி2 முதல் பி13 வரை, அந்த ஐந்து நிமிடத்தில் ஒன்றாகக் கண்ட அதிகபட்ச எண்ணிக்கையை இடுங்கள். வராவிட்டால் 0, காலியாக விட்டால் எக்ஸெல் மேலே உள்ளவற்றை விட்டுவிடும். பி14இல் கர்சரை வைத்து, ஆட்டோசம் பட்டனை ஒட்டிய சிறு அம்புக்குறியை க்ளிக் செய்து மேக்ஸ் தேர்ந்தெடுத்து என்டர் தட்டுங்கள். நான் சோதனைக்குப் போட்ட பட்டியலில் ஆட்டோசம் 19 என்றது. மேக்ஸ் 2 என்றது. அனுப்ப வேண்டியது 2.