அவரையே கேளுங்கள்



மூளை முடக்குவாதம் என்றால் நம் ஜனங்கள் குழந்தைகளை மாத்திரமே நினைக்கிறார்கள். அந்தக் குழந்தைக்கு நாற்பது வயதாகி, இன்னும் அதே திண்ணையில் உட்கார்ந்திருப்பதை மறந்துபோகிறோம்.

இது தொற்றுநோயன்று. பாவத்தின் தண்டனையுமன்று, பிறவிக் குருடனைக் குறித்துச் சீஷர்கள் கேட்டபோதே சேசுநாதர் இதற்கு விடை சொல்லிவிட்டார். பிறக்குமுன்னோ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ வளரும் மூளைக்கு நேரிட்ட சேதமே காரணம். அச்சேதம் பின்பு பெருகுவதில்லை. ஆனால் வயது ஏற ஏறத் தசை விறைப்பும் வலியும் அயர்வும் பலருக்கு அதிகப்படும். நமது மலைக்குளிரில் கேட்கவேண்டியதில்லை. நாவும் தாடையும் வசப்படாததால் பேச்சுக் குழறும். சிலருக்கு அறிவிலும் குறை இருக்கலாம், பலருக்கோ இல்லை. பேச்சைக் கொண்டு அறிவை அளப்பது பெரும் பிசகு.

1966-ல் பிறந்த மாலினி சிப் என்னும் பெண்மணி, பம்பாய் அர்ச். சவேரியார் கல்லூரியில் படித்து, லண்டனில் இரண்டு முதுகலைப் பட்டம் பெற்றவர். ஒரே விரலால் தட்டச்சு செய்து தம் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். கல்கத்தா ஜீஜா கோஷை 2012-ல், கோவா மாநாட்டுக்குப் புறப்பட்ட விமானத்திலிருந்து, டாக்டரைக்கூடக் கலவாமல் இறக்கிவிட்டார்கள். 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு அவருக்கு 10 லட்ச ரூபாய் நஷ்டஈடு விதித்தது.

விமானக்காரரைக் குறைசொல்லுமுன் என் குற்றத்தைச் சொல்லவேண்டும். வீடு சந்திக்கப் போன இடத்தில் இப்படிப்பட்ட ஒருவர் இருந்தார். "தம்பி சாப்பிட்டாரா?" என்று அவர் தாயாரைக் கேட்டேன். அவர் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல முயன்றார். விளங்கவில்லை. விளங்கினதுபோல் தலையாட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். குருவானவர் செய்யத்தக்க காரியமா அது?

மறுமுறை போனபோது காத்திருந்தேன். அவர் வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. விளங்காதபோது விளங்கவில்லை என்றே சொன்னேன். மூன்றாம் தடவை வார்த்தைகள் பிடிபட்டன: "வடுகபட்டியில் பூண்டு என்ன விலை?"

ஞானக் காரியம் ஏதோ கேட்கிறார் என்றல்லவா நான் எண்ணியிருந்தேன்! எனக்கு விலை தெரியவில்லை. அவரும் சிரித்தார்.

ஆகையால், இவ்வாரம் பூண்டு ஏற்றிப் போகிறவர்கள் திரும்பும் வழியில் இப்படிப்பட்ட வீட்டுத் திண்ணையில் சற்று உட்கார்ந்து, விலையை அவரிடமே சொல்லுங்கள். பூசைக்குத் தூக்கிவர முன்வரும் வாலிபர்கள், எப்படிப் பிடித்தால் வலிக்காது என்பதையும் அவரிடமே கேளுங்கள்.