கொல்லிப்பாவையும் பழைய கைக்கடிகாரமும்

கொல்லிமலையிற் பிறந்தார்க்குக் கொல்லிப்பாவையை அறிமுகப்படுத்த வேண்டுவதில்லை. தெய்வம் ஆக்கி நிறுத்திய அப்பாவை, காற்று மோதினும் மழை பொழியினும் தன் எழில் குன்றாதது எனச் சங்கச் சான்றோர் பாடினர். அது நகைத்து அழைத்து, அணுகினாரை மாய்க்கும் என்பது பிற்கால வழக்கு. சென்ற ஆண்டு அம்மலையிலேயே யான் மற்றொரு பாவையைக் கண்டேன். அது கல்லினாலும் மரத்தினாலும் ஆயதன்று. கைப்பேசியில் ஒளிர்ந்த ஒரு கைக்கடிகாரத்தின் படம்.

காரவள்ளியினின்று 70 கொண்டையூசி வளைவுகள் ஏறிச் சென்றால் எய்தும் எம் பகுதியில், என் பெரியப்பா மகனார் ஒருவர் உளர். அவர் மிளகு விற்ற பணத்தில் 38,000 ரூபாய் கொடுத்து, ஒருவர் அணிந்து பழகிய சுவிட்சர்லாந்து நாட்டுக் கைக்கடிகாரம் ஒன்றை இணையவழியாக வாங்கினார். புதிதாயின் இரண்டு லட்சத்துக்குக் குறையாது என்றும், மருத்துவச் செலவின்பொருட்டே மனமின்றி விற்பதாகவும் விற்றவன் எழுதியிருந்தான். தம் தங்கையை மணக்க வரும் மாப்பிள்ளைக்கு அதனை அணிவிக்க வேண்டுமென்பது அண்ணனுடைய நெடுநாளைய ஆசை. மணநாளுக்கு ஒன்பது நாள் இருக்கையில் கடிகாரம் நின்றுவிட்டது.

நாமக்கல்லில் முதிய கடிகாரத் தொழிலாளர் ஒருவரிடம் அதனைக் கொண்டுசென்றோம். அவர் பின்மூடியைத் திறந்து, கண்ணிற் பொருத்திய கண்ணாடியால் நெடுநேரம் நோக்கினார். பின்னர், “தம்பி, நீங்கள் வாங்கியது ஒரு கடிகாரம் இல்லை, மூன்று கடிகாரம்” என்றார். கூடு ஒரு நிறுவனத்தது. ‘மெஷின்’ என அவர் வழங்கிய உள்ளியந்திரம் வேறொன்றினது. டயலோ புதிதாக வண்ணம் பூசிப் பெயர் அச்சிடப்பெற்றது. அண்ணன் ஒன்றும் பேசவில்லை. அன்று தொட்டு யான் விசாரித்தறிந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றேன்.

போலி என்றவுடன் நாம் நினைப்பது, முழுதும் பொய்யாகச் செய்யப்பட்ட பொருளை. அத்தகையன மிகுதியே. எனினும் பழங்கடிகார வாணிகத்தில் அதனினும் கொடியது, மெய்யான உறுப்புக்களைக் கொண்டே பொய்யான முழுமையை ஆக்குதல். தமிழ் பயிலும் நம்மனோர்க்கு இது புதிதன்று. கம்பராமாயணத்துட் புகுந்த மிகைப்பாடல்களைப் பதிப்பாசிரியர்கள் பிரித்தெடுத்துத் தனியே அச்சிட்டிருக்கின்றனர். அவையும் தமிழ்தாம், விருத்தந்தாம், சில இனிமையும் உடையன. கம்பருடையன அல்ல என்பதொன்றே குறை. ஒட்டுக்கடிகாரமும் அத்தன்மைத்து. ஏட்டுப்படிகள் பலவற்றை ஒப்புநோக்காமல் இடைச்செருகலைக் காணல் அரிது. அவ்வாறே மூடியைத் திறந்து உறுப்புக்களை ஒப்புநோக்காமல் ஒட்டுவேலையைக் காணலும் அரிது.

இதிற் கற்றவரும் ஏமாறுவர் என்பதற்கு ஒரு செய்தி சான்றாகும். 1957-ஆம் ஆண்டு வெளிவந்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் வகையின் முதற்படி ஒன்று, 2021 நவம்பரில் ஜினீவா நகரத்து ஏலத்தில் 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் விலைபோயிற்று. வாங்கியது யாரெனின், ஒமேகா நிறுவனமே. தன் பொருட்காட்சிச்சாலைக்காக வாங்கிற்று. 2023-ஆம் ஆண்டில் அது பல கடிகாரங்களின் உறுப்புக்களைத் தொகுத்து ஆக்கப்பட்டதென வெளிப்பட்டது. தன் முன்னாள் ஊழியர் மூவர் இதில் ஈடுபட்டிருந்தனர் என அந்நிறுவனமே அறிவித்தது. தன் வீட்டுப் பொருளைத் தானே அறிந்துகொள்ள மாட்டாத நிலை செய்தவர்க்கே நேர்ந்ததாயின், செம்மேட்டில் நின்று ஆறு படங்களைப் பார்த்து வாங்கிய என் அண்ணனை எவ்வாறு குறைகூறுவது?

நம் நாட்டிலும் இத்தொழில் உண்டு. பெங்களூரில் 1961-ஆம் ஆண்டு ஜப்பானியச் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு எச்.எம்.டி. கடிகாரங்கள் செய்யப்படலாயின. 2016-இல் அக்கடிகார நிறுவனத்தை மூட மத்திய அரசு முடிவு செய்தபின் பழையவற்றின்மேல் மக்களுக்கு விருப்பம் பெருகிற்று. உடனே, அத்தொழிற்சாலை என்றும் வெளியிடாத நிறங்களிலெல்லாம் டயல் தீட்டப்பட்டு விற்பனைக்கு வந்தன. பழைய சுவிஸ் கடிகாரங்களுக்கு இங்ஙனம் புதுமுகம் எழுதியனுப்புவதை வெளிநாட்டுச் சேகரிப்போர் ‘மும்பை ஸ்பெஷல்’ என எள்ளி அழைப்பர். மணி பார்ப்பதற்காகத் தன் தந்தையின் கடிகாரத்துக்குப் புதிய டயல் இடுபவனை யான் பழியேன். அதனை மறைத்து விற்பவனே பழிக்கத்தக்கவன்.

சிலர், விநாடிமுள் துள்ளாமல் வழுக்கிச் சென்றால் அது மெய்க்கடிகாரம் என்பர். மின்கலத்தால் இயங்குவதில் முள் விநாடிக்கு ஒருமுறை துள்ளும். வில்விசையால் இயங்கும் இக்காலக் கடிகாரங்கள் பலவற்றில் விநாடிக்கு எட்டு அடியாக நகர்வதால் வழுக்குவதுபோலத் தோன்றும். அவ்வளவே வேற்றுமை. இக்காலத்துப் போலிகளும் வில்விசையால் இயங்குவனவாதலின் அச்சோதனை பயன்படாது. கூட்டிற் பொறித்த எண்ணை நம்பலாமோவெனின், ஒரு மெய்க்கடிகாரத்தின் எண்ணை நூறு போலிகளிற் பொறிக்கத் தடை யாது? இதனினும் நல்ல குறிப்பொன்றை நாமக்கல் முதியவர் சொன்னார். 1960-களுக்கு முற்பட்ட கடிகாரங்களின் முட்களில் இருளில் ஒளிரும்பொருட்டு ரேடியம் கலந்த பூச்சு இடுவர். ரேடியத்தின் கதிர் 1,600 ஆண்டு கழிந்தும் பாதியளவே குறையும்; ஆயின் அதனோடு கலந்த ஒளிரும் பொருள் சில பத்தாண்டுகளிற் கெட்டுவிடும். ஆகவே 1950-ஆம் ஆண்டினது எனப்படும் கடிகாரம் இன்று இருளிற் பளிச்சென ஒளிருமாயின் அது பின்னர்ப் பூசப்பெற்றது. ஒளி மாய்ந்த பழம்பூச்சின் தூளோ உடலுக்கு ஊறு செய்வது. அத்தகைய கடிகாரத்தை வீட்டிற் சுரண்டித் திறத்தல் ஆகாது.

நிற்க. பொருள் மெய்யாயிருப்பினும் உடைமை மெய்யாயிருத்தல் வேண்டுமன்றோ? 2021 டிசம்பரில், துபாயில் திருடப்பட்டதெனப்பட்ட, கால்பந்து வீரர் மரடோனாவுக்குரிய ஹூப்லோ கைக்கடிகாரம் அஸ்ஸாம் மாநிலத்திற் காவற்றுறையினராற் கைப்பற்றப்பட்டது. திருட்டுப்பொருள் அத்துணைத் தொலைவு பயணம் செய்யும். தனக்கில்லாத உரிமையை ஒருவன் பிறனுக்கு விற்றல் இயலாது என்பதே 1930-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் பொதுவிதி. நல்லெண்ணத்தோடு முழுவிலை கொடுத்தவனும் உரியவனிடம் பொருளைத் திருப்பித் தர நேரும்.

சட்டத்தின் துணை எத்துணையெனின், 2020-ஆம் ஆண்டு இணைய வணிக விதிகள் வாணிகமாக விற்போரைக் கட்டுப்படுத்துவன. தன் பொருளை எப்போதோ ஒருமுறை விற்கும் தனியாளை அவை கட்டுப்படுத்துவதில்லை. ஏமாற்றுவோர் பலரும் அத்தனியாளின் வேடத்தையே பூணுகின்றனர். பணம் பெறுவதற்கென்று கூறி ஒரு சதுரக் குறியீட்டை அனுப்பி வருடச் சொல்வதும் அவர் தந்திரம். நண்பர்காள், பணம் கொடுப்பதற்கேயன்றிப் பெறுவதற்கு எக்குறியீட்டையும் வருட வேண்டுவதில்லை. கடவெண்ணை இடவும் வேண்டுவதில்லை. இணையக் குற்றத்தை முறையிடும் தொலைபேசி எண்ணும் 1930 ஆகும். மேற்கூறிய சட்டத்தின் ஆண்டோடு அது ஒத்திருத்தல் தற்செயலே. தேர்வுக்குப் படிப்போர் நினைவிற் கொள்ள எளிது. பணம் போன சில மணி நேரத்துள் அழைத்தால் அது வேறு கணக்குக்கு மாறுமுன் நிறுத்திவைக்க வழியுண்டு. அண்ணன் இரண்டு திங்கள் கழித்தே அழைத்தார். கடிகாரம் அதுகாறும் ஓடிக்கொண்டிருந்ததே! முறையீட்டு எண் கிடைத்தது. விற்றவனுடைய எண் அணைந்து கிடந்தது.

ஆயின் வாங்கவே கூடாதோ என்று நாமக்கல் முதியவரிடம் வினவினேன். அவர் நகைத்தார். அன்றைய நாளைத் தாளில் எழுதிக் கடிகாரத்தின் அருகே வைத்துப் புதிதாகப் படம் எடுத்தனுப்பச் சொல்ல வேண்டும். பின்மூடி திறந்த படமும் வேண்டும். முதல் விற்பனை இரசீதும் பழுதுபார்த்த சீட்டும் கேட்க வேண்டும். அறிந்த தொழிலாளர் ஒருவர் முன்னிலையில் திறந்து பார்த்தபின்னரே பணம் தர வேண்டும். “இதற்கெல்லாம் ஒப்புக்கொள்கிறவன் அவசரப்படுத்த மாட்டான்” என்றார். தம் உழைப்புக்கு அவர் அன்று கூலி பெறவில்லை.

மணநாளில் மாப்பிள்ளைக்கு அணிவித்தது, நாமக்கல் கடையொன்றில் இரசீதோடு வாங்கிய 2,400 ரூபாய்க் கடிகாரம். அவர் அதனை மகிழ்ந்தே அணிகின்றார். மற்றதைப்பற்றி அண்ணன் அவரிடமோ தங்கையிடமோ இன்னும் சொல்லவில்லை. அடுத்த மிளகறுப்புக்கு ஏழு திங்கள் உள்ளன.