மீர் விண்வெளி நிலையம்

சோவியத் ஒன்றியம் 1986இல் ‘மீர்’ விண்வெளி நிலையத்தை விண்ணில் நிறுவத் தொடங்கியது. 5 ஆண்டுகளுக்கெனத் திட்டமிடப்பட்ட அந்நிலையம் 15 ஆண்டுகள் நிலைத்தது. மருத்துவர் வலேரி பொல்யாக்கோவ் அதில் தொடர்ந்து 437 நாள்கள் தங்கி, எடையற்ற நிலையிலும் மனிதர் நெடுநாள் வாழவியலும் என மெய்ப்பித்தார்.

முதுமையுற்ற நிலையம் கட்டுப்பாடின்றி வீழ்ந்தால் மக்களுக்குத் தீங்கு நேரக்கூடும். ஆகவே, 2001 மார்ச் 23 அன்று ரஷ்ய வல்லுநர்கள் அதன் வேகத்தைக் குறைத்துத் தென் பசிபிக் பெருங்கடலை நோக்கி இறக்கினர். பெரும்பகுதி வளிமண்டலத்தில் எரிந்தது. எஞ்சிய துண்டுகள் கடலில் வீழ்ந்தன. மீர் மறைந்தது; அது தந்த பட்டறிவு பன்னாட்டு விண்வெளி நிலையத்தை அமைக்க உதவியது.

சொற்பொருள்
மெய்ப்பித்தார் – உண்மையென நிறுவினார்
பட்டறிவு – அனுபவம்

வினாக்கள்
1. மீர் நிலையத்தைக் கடலில் இறக்கியது ஏன்?
2. ‘மீர் மறைந்தும் அதன் பயன் மறையவில்லை’ – விளக்குக.