மலை ஏறிப் படகு விடப் போகிற தம்பிகளுக்கு

எங்கள் தெருப் பிள்ளைகள் நாலு பேர் பொங்கல் லீவில் கல்வராயன் மலைக்குப் ‘போட்டிங்’ போகிறார்கள். என்னென்ன எடுத்துக்கொண்டு போகவேண்டும் என்று என்னிடம் கேட்க வந்தார்கள். நான் சொல்லச் சொல்ல ஒருவன் செல்போனில் தட்டிக்கொண்டான். அவன் தட்டுவது தப்பு என்று மற்ற மூவரும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பயணம் அப்போதே ஆரம்பித்துவிட்டது என்று புரிந்தது. அவர்களுக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கிற மற்றவர்களுக்கும் ஆகும்.

1. எந்தத் தண்ணீரில் விடப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

நாலு பேரில் படித்தவன், கோமுகி ஆற்றிலேயே படகு விட்டால் என்ன என்று கேட்டு மேப்பை நீட்டினான். மேப்பில் பார்த்தால் அவன் சொல்வது நியாயம்தான். கல்படை, பொட்டியம், பரங்கிநத்தம் ஓடைகள் மலையிலிருந்து இறங்கிக் கச்சிராயபாளையத்துப் பக்கம் கோமுகி அணையில் சேருகின்றன. அணைக்குக் கீழே கோமுகி ஓடி மணிமுத்தாற்றில் கலக்கிறது. மணிமுத்தாறு விருத்தாசலத்தில் பழமலைநாதர் கோயிலை ஒட்டிப் போய், கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கூடுகிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலில் விழுகிறது. ஆக, கச்சிராயபாளையத்தில் ஏறினால் பரங்கிப்பேட்டையில் இறங்கலாம். நீலக்கோடு எங்கேயும் அறுபடவில்லை.

அந்த நீலக்கோட்டைப் போட்டவர் மாசி மாதத்தில் வந்து பார்த்திருக்கமாட்டார். வருஷத்தில் முக்கால்வாசி நாள் அது மணல், முள்செடி, அங்கங்கே ஒரு குட்டை. நீங்கள் நாலு பேரும் ஆளுக்கொரு மூலை பிடித்துப் படகைத் தலையில் சுமந்துகொண்டுதான் போகவேண்டும். விருத்தாசலம் போய்ச் சேரும்போது ஏதோ புது மாதிரிக் காவடி என்று நினைத்து ஜனங்கள் உங்களுக்கு விபூதி பூசி விடுவார்கள்.

ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் வரும். வந்தால் படகு விடுகிற மாதிரி வராது. அணை 46 அடி. மலையில் நல்ல மழை பிடித்து நிரம்பும் நிலைக்கு வந்துவிட்டால் உபரி நீரைத் திறந்துவிட்டு, கரையோர ஊர்களுக்கு ஆற்றில் இறங்காதே என்று எச்சரிக்கை கொடுப்பார்கள். காய்ந்த மாதங்களில் ஆற்றில் நாம் நடக்கலாம், மழை மாதத்தில் ஆறு நம்மை நடத்தும். இரண்டுக்கும் நடுவில் படகுக்கென்று ஒரு பருவத்தை அது ஒதுக்கி வைக்கவில்லை.

அதனால் நீங்கள் போகவேண்டியது கரியாலூர். மலைமேல், வெள்ளிமலைக்குப் போகிற வழியில் இருக்கிறது. சிறிய நீர்நிலை, படகுத்துறை, பக்கத்தில் சிறுவர் பூங்கா. ஆறுதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவன் ஒகேனக்கல்லுக்குப் போய்ப் பரிசல் ஏறட்டும். மணிக்கணக்கில் தண்ணீர்மேல் இருக்கவேண்டும் என்பவனுக்குப் பிச்சாவரம் இருக்கிறது. நம் கோமுகித் தண்ணீர் கடைசியில் கடலைத் தொடுகிற பக்கம்தான் அது. ஆனால் அந்த இரண்டு இடத்திலும் ஓட்டத் தெரிந்தவர் ஓட்டுவார், நீங்கள் உட்கார்ந்து வருவீர்கள். நீங்களே ஓட்டி, நீங்களே சண்டை போட்டு, நீங்களே கரை சேரவேண்டும் என்றால் கரியாலூர்தான் தோது.

2. மொத்தமே அரை மணி நேரக் காரியம் என்பதை மறக்காதீர்கள்.

ஒரு மாதம் வாட்ஸ்அப்பில் பேசுவீர்கள். வண்டி யார் வண்டி என்று ஒரு வாரம் போகும். ஒரே கலரில் டீ-ஷர்ட் எடுக்கலாமா என்று இன்னொரு வாரம் போகும். கடைசியில் படகில் இருக்கப்போவது அரை மணி. மீதி நேரமெல்லாம் நீங்கள் ஒருவரோடு ஒருவர்தான் இருக்கப்போகிறீர்கள். எச்சரிக்கையாக இருக்கவேண்டிய இடம் அதுதான்.

இங்கிலாந்தில் ஜெரோம் கே. ஜெரோம் என்பவர் 1889இல் ஒரு புத்தகம் போட்டார். மூன்று நண்பர்களும் ஒரு நாயும் தேம்ஸ் நதியில் இரண்டு வாரம் படகில் போகிற கதை. ஆற்றங்கரை ஊர்களைப் பற்றி உருப்படியாக ஒரு வழிகாட்டி எழுதத்தான் மனிதர் உட்கார்ந்தாராம். கூட வந்தவர்களின் அசட்டுத்தனம் உள்ளே புகுந்து வழிகாட்டியை வெளியே தள்ளிவிட்டது. அத்தனை நீளமான நதியிலேயே அந்தக் கதி என்றால் கரியாலூரில் கேட்கவேண்டியதில்லை.

3. யார் எங்கே உட்காருவது என்பதைக் கரையிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள்.

2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆவதற்கு முன்னால் நாங்கள் படகு விடப் போனபோது நடந்தது இது. எங்கள் கூட்டத்தில் ஒருவர் சர்க்கரை ஆலை எடைமேடையில் வேலை பார்த்தவர். கரும்பு லாரியைத் தூரத்தில் பார்த்தே இத்தனை டன் என்று சொல்லிவிடுவார், பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். அந்தத் திறமை அவரைக் கெடுத்துவிட்டது. படகுத்துறையில் எங்களை வரிசையாக நிற்க வைத்து, மேலும் கீழும் பார்த்து, ஆளுக்கொரு எடை சொன்னார். சொன்னது போதாதென்று, “செருப்பைக் கழற்றிவிட்டு நில்லுங்க சார்” என்று எங்களோடு வந்த அரிசி ஆலைக் கணக்கரை மட்டும் மறுபடி நிறுத்தினார். கணக்கருக்குக் கோபம். தன் எடையை இன்னொருத்தர் பொதுவெளியில் அறிவிக்க என்ன அதிகாரம் என்று கேட்டார். எடைமேடைக்காரர் அசரவில்லை. முன்னால் நூற்று அறுபது, பின்னால் நூற்று ஐம்பத்தைந்து, வலப்பக்கம் ஐந்து கிலோ கூட, அதனால் சாப்பாட்டுப் பையை இடப்பக்கம் வையுங்கள் என்று உத்தரவு போட்டார்.

எல்லாம் கணக்கிட்டு, எல்லோரையும் உட்கார வைத்த பிறகுதான் தெரிந்தது, தன்னை அவர் எந்தப் பக்கத்திலும் சேர்க்கவில்லை. நாலு பேர் படகு அது, நாங்கள் ஐந்து பேர். அவர் கரையில் நின்றபடி எங்களைச் சரிபார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கென்னவோ அன்றைக்கு எல்லோரையும்விடச் சந்தோஷமாக இருந்தவர் அவர்தான் என்று தோன்றுகிறது.

அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. மிதிபடகில் இரண்டு குண்டர்கள் ஒரே பக்கம் உட்கார்ந்தால் படகு சாயும், சாய்ந்த பக்கமே திரும்பிக்கொண்டும் இருக்கும். பக்கத்துக்கு ஒருவராகப் பிரிந்து உட்காருங்கள். எடையை மட்டும் வாய்விட்டுச் சொல்லாதீர்கள்.

4. ஏறும்போது போட்டோ வேண்டாம்.

ஒரு கால் துறையில், ஒரு கால் படகில் வைத்துக்கொண்டு செல்போனைப் பார்த்துச் சிரிக்கிறவனை நான் பார்த்திருக்கிறேன். படகுக்குச் சிரிக்கத் தெரியாது, நகரத் தெரியும். படகில் வைத்த காலை நீ அழுத்த அழுத்த அது விலகும். துறையில் இருக்கிற கால் வர மறுக்கும். கொஞ்ச நேரம் மனிதன் ஒரு பாலமாக நிற்பான். பிறகு நிற்கமாட்டான். துறையில் இருக்கிறவர் படகைப் பிடித்துக்கொண்ட பிறகு, குனிந்தபடி, நடுவில் கால் வைத்து, ஒவ்வொருவராக இறங்கி உட்கார வேண்டும். போட்டோவை அப்புறம் எடுக்கலாம்.

5. லைஃப் ஜாக்கெட் போடுங்கள். நீச்சல் தெரியும் என்கிறவன் முதலில் போடட்டும். முடி கலைகிறது, சட்டை கசங்குகிறது, நாற்றம் அடிக்கிறது என்பதெல்லாம் காரணமே இல்லை.

6. படகுக்கு ஒரு கேப்டன் போதும்.

மிதிபடகில் திருப்புகிற கைப்பிடி ஒன்றுதான் இருக்கும். மிதிக்கிறவர்கள் இரண்டு பேர், யோசனை சொல்கிறவர்கள் நாலு பேர். கைப்பிடியைத் திருப்பினால் படகு உடனே திரும்பாது. ஒரு மூச்சு விட்டு யோசித்துவிட்டுத்தான் திரும்பும். அந்த இடைவெளியில்தான் எல்லாச் சண்டையும் வருகிறது. “திருப்புடா” என்று ஒருவன் கத்த, கைப்பிடிக்காரன் இன்னும் கொஞ்சம் திருப்ப, பக்கத்தில் இருப்பவன் போதாது என்று கையை நீட்டி முழுக்கத் திருப்ப, முதலில் திருப்பியதுக்கே அப்போதுதான் வளைய ஆரம்பித்திருக்கும் படகு சுற்றிக்கொண்டு புறப்பட்ட துறைக்கே வந்து சேரும். பிரேக் கிடையாது. நிறுத்தவேண்டும் என்றால் பின்பக்கமாக மிதிக்கவேண்டும், அதுவும் கரை வருவதற்கு வெகு முன்பே.

துடுப்புப் படகு இன்னும் மோசம். துடுப்பு வலிக்கிறவன் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். அவனுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறவன்தான் அவனுக்குக் கண். எதிரே யாரை உட்கார வைப்பது என்பதில் நிதானம் வேண்டும். எங்கள் டிராயிங் மாஸ்டரை ஒருமுறை உட்கார வைத்தோம். கரையோர மரத்தின் நிழல் தண்ணீரில் எப்படி விழுகிறது, அதில் எத்தனை பச்சை இருக்கிறது என்று ரசித்துச் சொல்லிக்கொண்டே வந்தார். நிழல் நெருங்க நெருங்க அவருக்கு ரசனை கூடியது. மரம் என் முதுகில் இடித்த பிறகுதான் நிறுத்தினார்.

7. சாப்பாடு.

புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஊறுகாய். அவ்வளவுதான். தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிக்கொள்ளுங்கள். பொதுச் சட்டி வேண்டாம், பொதுச் சட்டியில் கரண்டி யார் கையில் இருக்கிறதோ அவன்தான் ராஜா. படகில் வைத்துச் சாப்பிடாதீர்கள், இலையையும் காகிதத்தையும் தண்ணீரில் போடாதீர்கள்.

ஜெரோமின் கதையில் அன்னாசிப்பழ டின் ஒன்று வரும். டின்னைத் திறக்கிற கருவியை மட்டும் மறந்துவிடுவார்கள். மூன்று பேரும் அதோடு மல்லுக்கட்டி, கையைக் கிழித்துக்கொண்டு, கடைசியில் ஆற்றில் வீசிவிடுவார்கள். மலையில் நமக்கு அந்த வேலையைப் பலாப்பழம் செய்கிறது. ஆனி மாதத்தில் சாலையோரம் முழுப் பழமாக விற்பார்கள், வாசனை ஆளைத் தூக்கும். விலை பேசி வாங்கி மடியில் வைத்துக்கொண்ட பிறகு ஒருவன் கேட்பான், கத்தி இருக்கிறதா என்று. வண்டிச் சாவியால் ஒருவன் குத்துவான். கத்தி கிடைத்தாலும் கையில் எண்ணெய் தடவவில்லை என்றால் பால் பிசினாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டின கையோடு ஸ்டியரிங் பிடித்து மலை இறங்கினவர் ஒருவர் என்னைக் கும்பிட்டுச் சொன்னார், வளைவில் கையை எடுக்கவே முடியவில்லை, அதனால்தான் இவ்வளவு கவனமாக ஓட்டினேன் என்று.

நீங்கள் தை மாதம் போகிறீர்கள், பலா இருக்காது. இருந்தாலும் கத்தியும் ஒரு சின்னப் பாட்டில் நல்லெண்ணெயும் எடுத்துக்கொள்ளுங்கள். வேறு ஏதாவது வரும்.

8. குரங்கைப் பார்த்துக் கண்ணைக் காட்டாதே, பையைக் காட்டாதே. பறித்துவிட்டால் பின்னால் ஓடாதே. மீட்டு வந்த முறுக்கை யார் தின்பது என்று எப்படியும் தகராறு வரும்.

9. குடி கூடாது.

இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தது நம் ஊரில்தான். மலையேறிப் போய் அங்கே வழியில் வருகிறவரை நிறுத்தி, ‘சரக்கு கிடைக்குமா அண்ணே’ என்று கண்ணடித்துக் கேட்கிற பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். கேட்டால் நான் சொன்னதாகச் சொல்லி அந்த அண்ணனே கன்னத்தில் ஒன்று கொடுக்கட்டும்.

10. படகுத் தண்ணீர் வேறு, குளிக்கிற தண்ணீர் வேறு.

பெரியார் அருவி சாலையிலிருந்தே பார்க்கிற தூரம், அதனால் கூட்டமும் அங்கேதான். மேகம், கவியம் அருவிகளுக்குக் காட்டு வழி நடக்கவேண்டும். வழி தெரிந்த உள்ளூர்க்காரர் இல்லாமல் போகாதீர்கள். மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடித்தாலும் தண்ணீர் திடீரென்று கூடும். தடை போட்டிருந்தால் திரும்பி வாருங்கள். தடைப் பலகை முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு உள்ளே போகிறவன் உங்கள் கூட்டத்தில் ஒருவன் கட்டாயம் இருப்பான். அவன் வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இறங்கும்போது கோமுகி அணையைப் பார்க்கலாம், பூங்காவில் உட்காரலாம். அணைத் தண்ணீரில் இறங்க வேண்டாம். மேலே சாந்தமாக இருக்கும், அடியில் சேறும் பள்ளமும்.

11. மலையில் இருக்கிறவர்களிடம் மரியாதையாகப் பேசுங்கள்.

வெள்ளிமலைப் பக்கம் டீக்கடையில் பெரியவர் யாராவது உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள். ஜடய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்று மூன்று ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை இது. நாடு விடுதலை வாங்கி முப்பது வருஷம் ஆகப்போகிற 1976இல்தான் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. அந்தக் காலத்தை நேரில் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சாமை, மரவள்ளி, கடுக்காய் என்று எதைக் கேட்டாலும் அவர்களுக்குச் சொல்ல நாலு சேதி இருக்கும். சட்டைக் கலரைப் பார்த்து ‘ஏய்’ போட்டுக் கூப்பிடுகிற துரைத்தனத்தைக் கீழேயே விட்டுவிட்டுப் போங்கள். அவர்கள் உங்களைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிந்தால் உங்களுக்குச் சாப்பாடு இறங்காது.

12. பணத்தை ஒருவனிடம் கொடுத்துவிடுங்கள்.

பெட்ரோல் நீ, டீ நான், படகு டிக்கெட் அவன் என்று பிரித்தால் கடைசியில் நாலு பேரும் தான் மட்டும்தான் அதிகம் கொடுத்ததாக நம்புவீர்கள். ஆளுக்கு இவ்வளவு என்று முதலிலேயே வசூல் செய்து, உங்களில் ரொம்பப் பயந்தவன் எவனோ அவனிடம் கொடுங்கள். அவனிடம் யாரும் வழியில் கணக்குக் கேட்கக் கூடாது. மிச்சம் ஏதாவது இருந்தால் இறங்கி வரும்போது கச்சிராயபாளையத்திலேயே டீயும் பஜ்ஜியுமாகத் தீர்த்துவிடுங்கள். எங்கள் பயணத்தில் மிஞ்சிய சில்லறை அரிசி ஆலைக் கணக்கரிடம் இருந்தது. எடைமேடைக்காரர் படகில் ஏறவே இல்லையே, அவருக்குப் பங்கு உண்டா இல்லையா என்று அவர்கள் இருவரும் பார்க்கும்போதெல்லாம் இப்போதும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.